திரை போட்டுக் கேட்ட வரலாறு

மார்பளவு உயரத்தில் தரையில் நிற்கும், ஜோடிக்கு ஒரு காரின் விலை சொல்லும் ஸ்பீக்கர்களில் எது மேல் என்று கேட்டால், விற்பவர், விமர்சகர், வாங்கியவர் மூவரும் பெரும்பாலும் ஒரே பதிலுக்கு வந்து சேர்வார்கள்: அவரவர் காதுக்கு எது பிடிக்கிறதோ அது. பணிவான பதில், யார் மனதையும் புண்படுத்தாத பதில். இசையில் ருசி ஆளுக்கு ஆள் மாறும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆகவே இசையைத் தரும் கருவி விஷயத்திலும் அப்படித்தான் இருக்கும் என்று மனம் எளிதில் ஒப்புக்கொள்கிறது. ஆனால் ஸ்பீக்கர்களை மனிதர்கள் ஒப்பிட்டுப் பார்த்து வந்த நூறாண்டுக் கதையைப் புரட்டினால் வேறொன்று தெரிகிறது. ஒப்பீடு ஒழுங்காக நடக்காத காலத்தில் தீர்ப்புகள் நாலா பக்கமும் சிதறின. பெயர், விலை, உருவம், வைத்த இடம், ஒலியின் உரப்பு என்று ஒவ்வொன்றாக விலக்கியபோது அதே தீர்ப்புகள் ஆச்சரியப்படும் அளவுக்கு ஒன்றுகூடின. காது நம்பத்தகுந்த கருவிதான். தன் வேலையைச் செய்ய அதற்கு நாம்தான் நெடுநாள் இடம் கொடுக்கவில்லை என்பது என் வாதம்.

கதை மின்சார ஸ்பீக்கருக்கும் முந்தியது. 1915 முதல் சுமார் பத்தாண்டுகள், தாமஸ் எடிசனின் நிறுவனம் தன் டைமண்ட் டிஸ்க் ஃபோனோகிராஃபை விற்பதற்காக அமெரிக்காவெங்கும் மேடை நிகழ்ச்சிகள் நடத்தியது. பாடகி மேடையில் நின்று பாடுவார். பக்கத்திலேயே இயந்திரம் அவருடைய இசைத்தட்டைச் சுழற்றும். பாட்டின் நடுவில் அவர் வாயை மூடிக்கொள்வார், இயந்திரம் மட்டும் தொடரும். சில அரங்குகளில் விளக்கையும் அணைத்தார்கள்; விளக்கு மறுபடி எரியும்போது மேடையில் பாடகி இருக்கமாட்டார். 1916 ஏப்ரலில் நியூயார்க்கின் கார்னகி ஹாலில் மேரி ராப்போல்டு இப்படிப் பாடினார். குரலையும் தட்டையும் பிரித்தறிய முடியவில்லை என்று கேட்டவர்கள் வியந்தார்கள். இன்று அந்த இயந்திரத்தைக் கேட்கும் எவரும் அதை மனிதக் குரல் என்று நம்பமாட்டார்கள். அப்படியானால் அன்று கேட்டவர்கள் எல்லோரும் செவிடர்களா? நிச்சயமாக இல்லை. இந்நிகழ்ச்சிகளில் பாடிய ஆன்னா கேஸ், இயந்திரத்தின் உரப்புக்கு இசைவாகத் தன் குரலை அடக்கிக்கொண்டதாகப் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். ஆனால் இதைவிட ஆழமான காரணம் வேறு. அந்த மேடையில் இன்னொரு இயந்திரம் இல்லை. இது அசலைப் போல இருக்கிறதா என்று மட்டும் கேட்டால் மனம் ஆம் என்று சொல்லத் தயாராகவே இருக்கும். இவ்விரண்டில் எது அசலுக்கு அருகில் என்று கேட்டால்தான் காது கூர்மையாகும். எடிசனின் ஆட்கள் இருட்டைப் பயன்படுத்தினார்கள், ஆனால் நம்பவைப்பதற்காகப் பயன்படுத்தினார்கள். அதே இருட்டைக் கண்டறிவதற்குப் பயன்படுத்தலாம் என்ற எண்ணம் வேரூன்ற இன்னும் அரை நூற்றாண்டு ஆயிற்று.

இடையில் கருவி அடியோடு மாறிவிட்டது. 1925 இல் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தின் செஸ்டர் ரைஸும் எட்வர்ட் கெல்லாக்கும், காந்தத்தின் நடுவில் அசையும் கம்பிச்சுருள் ஒரு கூம்புத்தாளை முன்னும் பின்னும் தள்ளும் அமைப்பை விளக்கினார்கள். இன்றைய விலையுயர்ந்த டவர் ஸ்பீக்கர்களில் மிகப் பெரும்பாலானவை அந்த அமைப்பின் நேர் வாரிசுகள். இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு வீட்டில் நல்ல ஒலி கேட்பது ஒரு பெரும் ஆர்வமாக வளர்ந்தபோது, அசலையும் பதிவையும் பக்கத்தில் வைத்துக் காட்டும் நிகழ்ச்சிகளும் திரும்பி வந்தன. பிரிட்டனில் வார்ஃப்டேல் ஸ்பீக்கர்களை உருவாக்கிய கில்பர்ட் பிரிக்ஸ், 1954 இல் லண்டன் ராயல் ஃபெஸ்டிவல் ஹாலையும் மறுவருடம் கார்னகி ஹாலையும் நிரப்பினார். அமெரிக்காவில் அக்கூஸ்டிக் ரிசர்ச் நிறுவனத்தின் எட்கர் வில்ச்சூர், ஃபைன் ஆர்ட்ஸ் குவார்ட்டெட் என்ற நால்வர் குழுவை வைத்துக்கொண்டு பல ஊர்களில் இதைச் செய்தார். வில்லை அசைத்தபடியே அவர்கள் வாசிப்பை நிறுத்துவார்கள், ஸ்பீக்கர் வாசிப்பைத் தொடரும். வில்ச்சூர் மேடை வித்தைக்காரர் இல்லை. பதிவில் ஏற்கெனவே ஓர் அரங்கின் எதிரொலி இருந்து, அதைக் கேட்கும் அரங்கின் எதிரொலியும் சேர்ந்தால் ஒப்பீடு குலைந்துவிடும் என்று உணர்ந்து, எதிரொலி கலவாத பதிவைப் பயன்படுத்தும் அளவுக்கு அக்கறை உள்ளவர். இருந்தும் அமைப்பின் குறை எடிசன் காலத்தில் இருந்ததுதான்: ஒரே ஒரு ஸ்பீக்கர், கண்ணுக்கு முன்னால் அசையும் வில், வீட்டுக் கூடத்தைப் போல எந்த வகையிலும் இல்லாத பெரிய மண்டபம். அவர் செய்த வேறொரு காரியத்தை வரலாறு எழுதுவோர் போதிய அளவு கவனிப்பதில்லை என்று நினைக்கிறேன். நியூயார்க் கிராண்ட் சென்ட்ரல் ரயில் நிலையத்தில் அந்நிறுவனம் ஓர் இசையறையைத் திறந்தது. யாரும் உள்ளே போய் உட்கார்ந்து கேட்கலாம். அங்கே விற்பனை கிடையாது. விற்பவரின் குரலைக் கேட்பவரின் காதிலிருந்து பிரித்த முதல் முயற்சிகளில் அது ஒன்று.

உருவத்தைப் பற்றிய நம் நம்பிக்கைகள் உருவானதும் இந்தக் காலத்தில்தான். 1946 இல் பால் கிளிப்ஷ் விற்கத் தொடங்கிய கிளிப்ஷ்ஹார்ன், சுவர் மூலையில் பொருந்தி நிற்கும் ஒரு பீரோ. அறையின் மூலையையே தன் கொம்பின் நீட்சியாக ஆக்கிக்கொண்டு, மிகக் குறைந்த மின்திறனில் பெரும் ஒலியைத் தந்தது. 1954 இல் வந்த வில்ச்சூரின் ஏ.ஆர்.-1 அதற்கு நேர் எதிர். மூடிய சிறு பெட்டிக்குள் அடைபட்ட காற்றையே வில்சுருள்போல வேலை செய்யவைத்து ஆழமான பாஸைக் கொடுத்தது. விலையாக ஆம்ப்ளிஃபயரிடம் அதிக மின்திறனைக் கேட்டது. சிறிய பெட்டி, ஆழ்ந்த பாஸ், குறைந்த மின்திறனில் உரத்த ஒலி மூன்றும் ஒருசேரக் கிடைக்காது, ஒன்றை விட்டுக்கொடுத்தே ஆகவேண்டும் என்பது பொறியாளர் ஹாஃப்மனின் பெயரால் இன்றும் சொல்லப்படும் விதி. 1958 வாக்கில் ஸ்டீரியோ இசைத்தட்டு வந்து ஒவ்வொரு வீட்டிலும் இரண்டு பெட்டிகள் தேவைப்பட்டபோது சிறிய பெட்டி வென்றது. ஆஸ்திரேலியாவில் நெவில் தீலும், பின்னர் ரிச்சர்ட் ஸ்மாலும் 1960களிலும் 70களின் தொடக்கத்திலும் துளையுள்ள பெட்டிகளின் பாஸைக் கணக்கிட்டு வடிவமைக்கும் வழியை வகுத்துத் தந்தார்கள். பிறகு ஒல்லியான முகமும் ஆழமான உடலும் கொண்ட டவர்கள் மெல்ல வீட்டுக்குள் திரும்பி வந்தன. 1977 இன் கெஃப் 105, 1979 இன் பி அண்ட் டபிள்யூ 801 போன்றவை அந்தத் திரும்புதலின் மைல்கற்கள்.

ஹாஃப்மனின் விதிக்குள் ஒப்பீட்டின் பெரிய பொறி ஒன்று ஒளிந்திருக்கிறது. ஒரே ஆம்ப்ளிஃபயரில், ஒரே அளவில் திருகி வைத்த குமிழில், ஒரு ஸ்பீக்கர் இன்னொன்றைவிட மூன்று நான்கு டெசிபல் உரக்கப் பாடுவது சர்வசாதாரணம். உரத்த ஒலியில் மனிதக் காதுக்கு பாஸ் ஒப்பளவில் கூடுதலாகக் கேட்கும் என்று பெல் ஆய்வுக்கூடத்தின் ஃப்ளெட்சரும் மன்சனும் 1933 இலேயே அளந்து காட்டிவிட்டார்கள். ஆகவே கடையில் பொத்தானை அழுத்தி மாறி மாறிக் கேட்டவர், உரத்துப் பாடியதையே ஆழமும் உயிரும் உள்ளது என்று எடுத்துப் போனார். அவர் சொன்னது பொய்யில்லை. அவர் கேட்டது வேறொன்று, அவ்வளவுதான். அவரவர் ருசி என்று நாம் பின்னால் பெயரிட்டதில் எத்தனை பங்கு இந்தக் குமிழின் வேலை என்பதை யாராலும் இனிப் பிரித்துச் சொல்ல முடியாது.

பத்திரிகைகள் இந்தக் குழப்பத்தைத் தீர்க்க வந்து, வேறு வகையில் பெருக்கின. ஜே. கார்டன் ஹோல்ட் 1962 இல் ஸ்டீரியோஃபைல் இதழைத் தொடங்கினார். விளம்பரதாரருக்கு அஞ்சாமல் கேட்டதைக் கேட்டபடி எழுதவேண்டும் என்ற அவருடைய பிடிவாதம் மதிக்கத்தக்கது. 1973 இல் ஹாரி பியர்சன் தி அப்சல்யூட் சவுண்ட் இதழைத் தொடங்கி, மைக் இல்லாமல் அரங்கில் வாசிக்கப்படும் இசையே இறுதி அளவுகோல் என்றார். உயர்ந்த அளவுகோல்தான், ஆனால் அதைக் கையில் எடுத்து அளக்க முடியாது. ஒரு பதிவைச் செய்தவர் எந்த ஸ்பீக்கரில் கேட்டு ஒலியைச் சரிசெய்தார் என்பது விமர்சகருக்குத் தெரியாது. அந்தப் பதிவை வைத்து ஸ்பீக்கரை எடைபோடுகிறோம், அந்த ஸ்பீக்கரை வைத்துப் பதிவை எடைபோடுகிறோம். இரண்டுக்கும் வெளியே பிடித்துக்கொள்ள ஏதும் இல்லை. கேட்டதை வர்ணிப்பது எவ்வளவு வழுக்கலான காரியம் என்பதற்கு நீதிமன்றமே சாட்சியாயிற்று. 1970 இல் கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் இதழ் போஸ் 901 ஸ்பீக்கரைப் பற்றி எழுதியபோது, இசைக்கருவிகளின் ஒலி அறைக்குள் உலவுவது போலிருந்தது என்ற பொருளில் ஒரு வரி வந்தது. ஒலி அசைந்தது அறையெங்கும் இல்லை, இரு ஸ்பீக்கர்களுக்கு இடையே சுவரை ஒட்டித்தான் என்று வழக்கில் விவாதம் நடந்து, 1984 இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இதழின் பக்கம் தீர்ப்பளித்தது. பேச்சுரிமைச் சட்டத்தில் அது முக்கியமான தீர்ப்பு. ஒலியின் வரலாற்றில் அதற்கு வேறு முக்கியத்துவம்: ஒருவர் கேட்டதை இன்னொருவர் சரிபார்க்க ஒத்துக்கொண்ட வழிமுறை பொதுவில் நிலைபெறவில்லை என்பதை அது அம்பலமாக்கியது.

வழிமுறை ஒட்டாவாவில் உருவாகிக்கொண்டிருந்தது. கனடா அரசின் தேசிய ஆராய்ச்சிக் கழகத்தில் ஃப்ளாய்ட் டூல் 1960களின் நடுவிலிருந்து செய்த வேலை பார்வைக்கு மிக எளியது. ஒலியைத் தடுக்காத துணித்திரைக்குப் பின்னால் ஸ்பீக்கர்கள், சமமாக்கிய உரப்பு, ஒரே பாடல்கள், உடனுக்குடன் மாற்றி மதிப்பெண் போடுவது. அதே ஸ்பீக்கர்களை எதிரொலியற்ற அறையில் நேர்முகமாகவும் பக்கவாட்டிலும் பல கோணங்களில் அளப்பது. 1985, 86 ஆம் ஆண்டுகளில் அவர் வெளியிட்ட கட்டுரைகள் இரண்டு செய்திகளைச் சொல்கின்றன. முதலாவது, செவித்திறன் குறையாதவர்களின் மதிப்பெண்கள் நெருக்கமாக ஒத்துப்போயின. செவித்திறன் குறைந்தவர்களோ தங்கள் முந்தைய மதிப்பெண்ணோடு தாங்களே முரண்பட்டார்கள். ருசியின் வேறுபாடு என்று பேசப்பட்டதில் ஒரு பகுதி கேள்வித்திறனின் வேறுபாடு என்று இங்கே தெரிந்தது. இரண்டாவது, எல்லோரும் உயர்வாக மதித்த ஸ்பீக்கர்களின் அளவீடுகளும் ஒரே சாயலில் இருந்தன: நேர்முக ஒலி மேடு பள்ளமின்றிச் சமமாக இருந்தது, பக்கவாட்டில் போகும் ஒலியும் அதே சாயலில் படிப்படியாகக் குறைந்தது. இதற்கான காரணம் அறைக்குள் இருக்கிறது. வீட்டில் நம்மை அடையும் ஒலியில் பெரும்பங்கு சுவரிலும் கூரையிலும் பட்டு வருவது. பக்கவாட்டில் புறப்பட்ட ஒலி கோணலாக இருந்தால், நேரே வருவது எவ்வளவு செம்மையாக இருந்தாலும் மொத்தம் கோணலாகிவிடும். பி.எஸ்.பி., பாரடைம், எனர்ஜி, மிராஜ் போன்ற கனடிய நிறுவனங்கள் இந்த ஆய்வுக்கூடத்தைப் பயன்படுத்தி வளர்ந்தன.

1991 இல் டூல் ஹார்மன் நிறுவனத்துக்குப் போனார். அங்கே 1994 இல் அவரும் ஷான் ஆலிவும் செய்த சோதனைதான் என் வாதத்தின் நடுத்தூண். ஹார்மன் ஊழியர்கள் 40 பேர், 4 ஸ்பீக்கர்கள். ஒருமுறை கண்ணுக்குத் தெரியும்படி, ஒருமுறை திரைக்குப் பின்னால். நான்கில் மூன்று ஹார்மனின் தயாரிப்பு. நான்காவது போட்டி நிறுவனத்தின் பெரிய, விலையுயர்ந்த, பத்திரிகைகள் புகழ்ந்த ஸ்பீக்கர். ஹார்மனின் மூன்றில் ஒன்று விலை குறைந்த, பிளாஸ்டிக் உடலுள்ள சிறிய தொகுப்பு. பார்த்துக் கேட்டபோது ஹார்மனின் பெரிய ஸ்பீக்கர்கள் இரண்டும் உயரப் போயின. சிறியது போட்டியாளரின் பெரியதற்குக் கீழே இறங்கியது. திரை விழுந்ததும் அந்தச் சிறியது போட்டியாளரைச் சற்றே முந்தியது. அந்தப் பெரிய இரண்டும் உண்மையில் ஒரே ஸ்பீக்கர். ஒலியைப் பிரித்து அனுப்பும் கிராஸ்ஓவர் மட்டும் ஒன்றில் ஜெர்மானியர் ருசிக்கும் மற்றதில் வட ஐரோப்பியர் ருசிக்கும் என்று தனித்தனியாகச் செய்யப்பட்டிருந்தது. திரைக்குப் பின்னால் அந்த வேறுபாடு பொருட்படுத்தத்தக்கதாக இல்லை. நாட்டுக்கு நாடு மாறும் காது என்ற நம்பிக்கையின்மேல் ஒரு தொழிற்சாலையே இரண்டு மாடல்களை நடத்திக்கொண்டிருந்திருக்கிறது. இவற்றைவிட என்னை உலுக்கும் முடிவு வேறு: திரைக்குப் பின்னால் கேட்டவர்கள், ஸ்பீக்கரை நகர்த்தியபோதும் பாடலை மாற்றியபோதும் ஒலியில் வந்த மாற்றத்தைத் தங்கள் மதிப்பெண்ணில் காட்டினார்கள். பார்த்துக் கேட்டவர்களிடம் அந்த உணர்வே மழுங்கிப்போயிருந்தது. கண் பக்கச்சார்பைச் சேர்த்ததோடு நிற்கவில்லை. உண்மையிலேயே கேட்டுக்கொண்டிருந்த ஒலியையும் மறைத்துவிட்டது.

ஸ்பீக்கர் விற்கும் நிறுவனத்தின் ஆய்வை எப்படி நம்புவது என்ற கேள்வி நியாயமானது, தட்டிக்கழிக்கக் கூடாதது. ஆனால் அதே திசையிலான முடிவுகள் முதலில் ஒரு அரசு ஆய்வுக்கூடத்தில் வந்தவை. 1994 இன் முடிவும் தன் பெரிய மாடல்களின் பளபளப்புக்கு விலை வாங்கும் நிறுவனத்துக்கு இனிப்பான செய்தி இல்லை. இரண்டாவது எதிர்ப்பு இன்னும் வலுவானது: சில விநாடிகளில் மாற்றி மாற்றிக் கேட்பது ஒரு வகை, மாதக்கணக்கில் ஒரு ஸ்பீக்கரோடு வாழ்வது வேறு வகை, சில குணங்கள் மெல்லத்தான் புலப்படும். மெல்லப் புலப்படுவன உண்டு என்பதை ஏற்கிறேன். ஆனால் மாதக்கணக்கில் வாழும்போது காது பழகிப்போகிறது. குறை குறையாகத் தெரியாமல் போகிறது. ஒலியைப் பற்றிய நினைவும் மிகக் குறுகியது. போன மாதம் கேட்ட ஒலியோடு இன்றைய ஒலியை ஒப்பிடுவதாக நாம் நினைக்கும்போது, பெரும்பாலும் அதைப் பற்றி அன்று நமக்குள் சொல்லிக்கொண்ட சொற்களோடுதான் ஒப்பிடுகிறோம். பயிற்சி பெற்ற காதின் ருசி சாதாரண ரசிகரின் ருசியாகுமா என்ற கேள்விக்கு 2003 இல் ஆலிவ் பதில் தேடினார். பயிற்சி பெற்றவர்கள், கடைக்காரர்கள், விமர்சகர்கள், கல்லூரி மாணவர்கள் என 250க்கும் மேற்பட்டோர் கேட்டார்கள். பயிற்சி பெற்றவர்கள் கறாராகவும் மாறாமலும் மதிப்பெண் போட்டார்கள். மற்றவர்களின் எண்கள் தாராளமாகவும் தடுமாற்றத்தோடும் இருந்தன. எது முதல், எது கடைசி என்ற வரிசையோ ஏறக்குறைய ஒன்றாகவே வந்தது.

எல்லாம் அறையைப் பொறுத்தது என்னும் எதிர்ப்புக்கு நான் அதிகம் விட்டுக்கொடுப்பேன். சுமார் 200, 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஒலியை ஆள்வது பெரும்பாலும் அறையின் நீள அகலமும், ஸ்பீக்கரும் கேட்பவரும் இருக்கும் இடமும்தான். ஒரு ஸ்பீக்கரை ஓரடி நகர்த்துவது, இரண்டு நல்ல ஸ்பீக்கர்களுக்கு இடையிலான வேறுபாட்டை விழுங்கிவிடக்கூடும். 1990களில் ஹார்மன் தன் சோதனையறையில் காற்றழுத்தத்தால் இயங்கும் ஒரு மேடையை அமைத்தது. சில விநாடிகளில் ஒரு ஸ்பீக்கரை விலக்கி, அது நின்ற அதே இடத்தில் அடுத்ததை நிறுத்துவதுதான் அதன் வேலை. பக்கம் பக்கமாக வரிசையில் வைத்துக் கேட்கும் கடைகளில் ஒப்பிடப்படுவது ஸ்பீக்கர்கள் பாதி, இடங்கள் பாதி. தரையில் நிற்கும் பெரிய ஸ்பீக்கரை மனிதர்கள் முதன்மையாக வாங்குவது அதன் பாஸுக்காக. வீட்டுக்கு வந்தபின் அறை தன் இஷ்டத்துக்கு மாற்றியெழுதும் பகுதியும் அந்த பாஸ்தான். ஆனால் இதனால் ஒப்பீடு வீண் என்று ஆகிவிடாது. அந்த எல்லைக்கு மேலே, குரலும் வயலினும் பெரும்பாலும் உலவும் பகுதியில், ஸ்பீக்கரின் குணம் அறைக்கு அறை கூடவே வருகிறது. கீழே உள்ளதை அறையில் சரிசெய்துகொள்ளலாம். மேலே கோணலாகப் பிறந்ததை முழுக்க நிமிர்த்த வழியில்லை.

அளவீடே போதும், காது வேண்டாம் என்று இதிலிருந்து யாராவது முடிவு கட்டினால் அதுவும் தவறு. கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் நெடுங்காலம் ஒரு எண்ணை வெளியிட்டு வந்தது. ஸ்பீக்கர் எல்லாத் திசைகளிலும் கொட்டும் மொத்த ஒலித்திறனை வைத்துக் கணக்கிட்ட துல்லிய மதிப்பெண் அது. 2004 இல் ஆலிவ் அதை 13 ஸ்பீக்கர்களில் சோதித்தார். திரைக்குப் பின்னால் கேட்டவர்களின் விருப்பத்தோடு அந்த எண்ணுக்குத் தொடர்பே தென்படவில்லை. எண் இருந்தது, அதில் செவி இல்லை. பிறகு 70 ஸ்பீக்கர்களின் அளவீட்டையும் கேட்டவர்களின் மதிப்பெண்ணையும் பிணைத்து அவர் ஒரு சூத்திரத்தைத் தந்தார். இரண்டுக்கும் இடையிலான ஒட்டுறவு 0.86. அந்தச் சூத்திரத்தில் பாஸ் எவ்வளவு ஆழம் இறங்குகிறது என்பதற்கு மட்டும் ஏறத்தாழ 30 சதவீத எடை. டவர் ஸ்பீக்கருக்கு உள்ள நியாயமான சாதகம் இதுதான், இதை ஒப்புக்கொள்ளாமல் சிறிய பெட்டிகளைப் புகழ்வது சரியில்லை. மீதி 70 சதவீதம் பெட்டியின் உயரத்தோடும் மரப்பூச்சோடும் சம்பந்தமில்லாதது. கிடைமட்டத்திலும் செங்குத்திலும் 10 பாகைக்கு ஒன்றாக 70 அளவீடுகள் எடுக்கும் முறை 2013 இல் அமெரிக்காவில் தொழில்துறைத் தரமாகவே வந்துவிட்டது.

இத்தனைக்கும் பிறகு, மிக விலையுயர்ந்த ஸ்பீக்கர்களைச் செய்யும் பலர் இந்த அளவீட்டை வெளியிடுவதில்லை. இதழ்களில் விமர்சனங்கள் பெரும்பாலும் பெட்டியைப் பார்த்தபடியேதான் எழுதப்படுகின்றன. அழகான மரவேலையைக் கண்குளிரப் பார்த்தபடி இசை கேட்பது வாங்கியவரின் உரிமை, அந்த மகிழ்ச்சியில் எனக்கு எந்த ஆட்சேபமும் இல்லை. கேட்பவர் தன் வீட்டில் திரை கட்டிக்கொண்டு உட்காரவேண்டியதும் இல்லை. ஆனால் பல லட்சம் ரூபாய் செலவழிக்கப் போகிறவருக்கு ஒலியைப் பற்றித் தீர்ப்புச் சொல்பவர், பெயரையும் விலையையும் ஒரு மணி நேரமாவது மறைத்துவிட்டுக் கேட்டிருக்கவேண்டும். ஸ்டீரியோஃபைல் இதழ் இதில் பாதி வழி வந்திருக்கிறது. அங்கே விமர்சகர் தான் கேட்டதை எழுத, ஜான் அட்கின்சன் அதே ஸ்பீக்கரை அளந்து வரைபடங்களை அருகிலேயே அச்சிடுகிறார். சில இதழ்களில் இரண்டும் ஒன்றுக்கொன்று இசைவதில்லை. அந்த இசையாமையை மறைக்காமல் அச்சிடுவதை நான் மதிக்கிறேன். அவ்விரண்டில் எது சரி என்று தீர்த்துவைக்க, விமர்சகருக்கும் பெட்டிக்கும் நடுவில் ஒரு துணியைத் தொங்கவிடும் வேலை இன்னும் பாக்கி இருக்கிறது.